தொட்டில் ஆடுவதற்கு முன்னால்

பிள்ளைகள் வந்து சேர்வதற்கு முன்னால் பிள்ளை பார்ப்பவர் என்னதான் செய்துகொண்டிருப்பார்? கூத்துக் கொட்டகையின் பின்பக்கம் போய் ராஜா மீசை ஒட்டுவதைப் பார்க்கிற மாதிரி, எனக்கு இதைப் பார்க்க அப்படியொரு ஆசை! வாங்க, சத்தம் போடாமல் ஆயாக் கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்போம். லாபு, சிலியாவ், ரந்தாவ், பகாவ் என்று நெகிரி செம்பிலான் முழுக்கக் கித்தாக்காடு, அதாவது ரப்பர்த் தோட்டம், நின்ற காலம்.

இன்னும் விடியவில்லை. குளிர்ந்த நேரத்தில்தான் மரம் நன்றாகப் பால் விடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். அதனால் பெரட்டு, அதாவது காலை ஆள்கணக்கு, இருட்டோடு. பெரட்டுக்கு முன்னால் ஆயா! தரையைக் கூட்டிக் கழுவியாச்சு. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. உத்திரத்தில் வரிசையாக ஏணைகள். ஒவ்வொன்றையும் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்க்கிறார். முடிச்சு இளகினால் பிள்ளை தரையில்தான். அதோ, லயத்துப் பக்கமிருந்து கைவிளக்குகள் ஆடி ஆடி வருகின்றன. “ஆயா, ராத்திரி பூரா இருமினான், பாத்துக்குங்க.” தூக்கம் கலையாத பிள்ளை கைமாறுகிறது, தாய் ஓடுகிறாள். இத்தனையும் ஒரு நிமிஷத்தில்!

ஆயா பெரும்பாலும் உளி பிடித்து ஓய்ந்த மூதாட்டி. பயிற்சி, பரீட்சை எதுவும் இல்லை. வளர்த்த பேரப்பிள்ளைகளே அவருக்குச் சான்றிதழ். ஆனாலும் எந்தப் பிள்ளைக்கு ஆட்டினால் தூக்கம், எதற்கு முதுகில் தட்டினால் தூக்கம் என்பதெல்லாம் அத்துப்படி. வெட்டு முடிந்து, மங்கில் பால் சொட்டி நிறையும் இடைவெளியில் பால்கொடுக்க ஓடிவரும் தாயிடம், “கையைக் கழுவிட்டு வா புள்ள” என்று அதட்டும் உரிமையும் அவருக்கு இருந்தது.

ரொம்ப உருகிவிட வேண்டாம். ஒரு கொட்டகை நிறையப் பிள்ளைகளை ஒரு கிழவியிடம் விட்டது தோட்டத்துக்கு மலிவான ஏற்பாடு, அவ்வளவுதான்.

பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. லயத்துப் பிள்ளைகள் சிரம்பான், செனாவாங், நீலாய் என்று தாமான் வீடுகளுக்கும் தொழிற்சாலை ஷிப்டுக்கும் போனார்கள். ஆயாவின் இடத்தில் பேபிசிட்டர் அக்கா! 1984-இல் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் வந்தது. இன்று தாஸ்கா என்கிற அந்த மையத்தில் வேலைக்குப் போகிறவர் ‘காப்’ என்கிற அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும். சமைத்து ஊட்டுவதென்றால் உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் வேறு.

இந்தப் பக்கத்துத் திரைமறைவு இன்னும் அமர்க்களம். முதலுதவி வகுப்பில் பிளாஸ்டிக் பொம்மையைச் சுற்றி அக்காமார்கள் கூட்டம். ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்தால் என்ன செய்வது? தலை தாழ இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்சில் 5 அழுத்து. வயிற்றை அழுத்தவே கூடாது. மூச்சே நின்றுவிட்டால் 30 முறை நெஞ்சு அழுத்தம், 2 முறை ஊதல். முதலில் எல்லாரும் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். எண்ணத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிடும்.

அடுத்து படுக்கைப் பாடம். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வை, மெத்தை கெட்டியாகச் சமமாக இருக்கட்டும், தலையணை வேண்டாம். அப்போ பயறு அடைத்த குட்டித் தலையணை? வேண்டாம். ஏணை? அதுவும் வேண்டாம்! ஏணையில் வளர்ந்த அக்காமார்கள் சும்மா இருப்பார்களா? “நாங்களெல்லாம் நல்லாத்தானே இருக்கோம்?” நல்லாத்தான் இருக்கிறோம். ஆனால் ஏணையில் சுருண்டு மூச்சு முட்டிய பிள்ளை வந்து பதில் சொல்லாது. என் ஓட்டு பயிற்சி டீச்சருக்கே.

மாவுப் பாலுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் போதாதாம். 70 பாகைக்குக் குறையாத சூட்டில் கரைத்து, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும். மாவிலேயே கிருமி இருக்கலாம், சூடுதான் அதைக் கொல்லும். காலையில் கதவோரம் நடக்கும் சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: உள்ளங்கையைக் காட்டு, காலைக் காட்டு, ஆ காட்டு! கை-கால்-வாய் நோயின் கொப்புளம் தெரிந்தால் பிள்ளை அப்படியே வீட்டுக்கு.

ஒருத்தர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 1 வயதுக்குள் என்றால் 3 பேர், 1 முதல் 3 வயதுவரை 5, அதற்கு மேல் 4 வயதுவரை 10. பழைய ஆயா கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பார்!

உங்களுக்கும் இந்த ஆசை வந்துவிட்டதா? சொந்தமில்லாத நாலு பிள்ளைகளைக் கூலிக்குப் பார்க்கத் தொடங்கினாலே, வீட்டிலென்றாலும் சமூக நல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். 9 பிள்ளைகள்வரை வீட்டுத் தாஸ்கா, 10 ஆனால் அது தனி நிலையம். ஏணைக் கயிற்றை மடித்து வைத்துவிட்டு, முதலில் உங்கள் மாவட்டத்து நல அலுவலகத்தில் போய் விசாரியுங்கள்.