ஒரே மண்ணில் இரண்டு வருகைகள்

மலேசியத் தமிழர் வரலாறு என்றதும் கப்பல், கங்காணி, பால்மரம் ஆகிய மூன்றும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், மலாக்காவில் இவ்வரலாறு அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இங்குத் தமிழர் இரண்டு முறை வந்து குடியேறினர். முதலில் வந்தவர்கள் சமயத்தைக் காத்தனர், மொழியை இழந்தனர். பின்னர் வந்தவர்கள் மொழியைக் காத்தனர். ஆனால், பிற இனத்தாரோடு கலந்து பழகும் வாய்ப்பை நெடுங்காலம் பெறவில்லை. பல்லின நாட்டில் வாழும் நாம் இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

பருவக்காற்றோடு வந்தவர்கள்

15ஆம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தானகம் புகழ்பெற்ற துறைமுகமாக விளங்கியது. கப்பல்கள் பருவக்காற்றை நம்பியிருந்ததால், காற்று திசை மாறும்வரை வணிகர்கள் மாதக்கணக்கில் இங்கேயே தங்கினர். துறைமுகத்தை நான்கு ஷாபந்தர்கள் நிர்வகித்தனர். அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்களும் இருந்தனர். 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய பின், நினா சத்து எனும் இந்து வணிகர் பெண்டஹாரா பதவியில் அமர்த்தப்பட்டார். அச்சமூகத்தின் செல்வாக்குக்கு இதுவே சான்று.

இவ்வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவாக்கிய சமூகமே மலாக்கா செட்டிகள். வட்டித்தொழில் செய்ய வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டி இவர்களின் ஊர். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது கெபாயா. ஆயினும், பிள்ளை, படையாச்சி, நாயக்கர் என்ற பெயர்கள் இன்னும் இவர்களிடையே வழங்குகின்றன. போகியன்று முன்னோருக்குப் படையலிடுகின்றனர். அதனைப் ‘பர்ச்சு’ என்பர். அம்மை நோய் நீங்க வேண்டி மாரியம்மனுக்கு எடுக்கும் விழாவின் பெயர் ‘டத்தோ சாச்சார்’. சாச்சார் என்றால் மலாயில் அம்மை. தெய்வம் நம் தெய்வம்தான். பெயர் மட்டும் மலாய் ஆகிவிட்டது!

1781இல் டச்சுக்காரர் வழங்கிய நிலத்தில் இச்சமூகத்தார் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் உள்ளது. 1748இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும், 17ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் அதே சாலை வரிசையில் சில நிமிட நடைதூரத்தில் நிற்கின்றன. 2008இல் யுனெஸ்கோ மலாக்கா நகரை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தபோது இவ்விடமும் அதனுள் அடங்கியது.

லயத்தில் வாழ்ந்தவர்கள்

1896இல் டான் சாய் யான் எனும் பாபா சீனர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் உருவானது. இந்நாட்டின் வாணிப ரப்பர் தோட்டத்தொழிலுக்கு மலாக்காவே தொடக்கமாயிற்று. அத்தொழிலுக்கு ஆள் தேவைப்பட்டது; கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து குடும்பங்களை அழைத்து வந்தனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இது நீடித்தது.

லயம், கோயில், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி என எல்லாமே தோட்ட எல்லைக்குள் இருந்தன. விடியற்காலைப் பெரட்டு முதல் இரவுக் கூத்து வரை தமிழே ஒலித்தது. மொழி தழைத்ததற்கு இதுவே காரணம். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரரையும் பட்டணத்துச் சீனரையும் நெருங்கி அறியாமல் போனதற்கும் இதுவே காரணம். இத்தனிமையை நம்மவர் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. தோட்ட நிர்வாகம் அமைத்த வாழ்க்கை முறை அது.

இதன் சுவடு என்னிடமும் உண்டு. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்று தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபோதுதான், முதன்முறையாக மலாய், சீன மாணவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்தேன். மலாய் இலக்கணம் தெரிந்தது. சிற்றுண்டிச் சாலையில் சிரித்துப் பேசும் மலாய் தெரியவில்லை. அதைக் கற்க ஓராண்டு ஆயிற்று. அதற்காக என் தமிழை நான் விட வேண்டியிருக்கவில்லை.

எது மொழியைக் காத்தது?

பிற இனத்தாரோடு ஒன்றி வாழ்ந்ததால்தான் செட்டிகள் தமிழை இழந்தார்கள் என்று சொல்வது எளிது. ஆனால், அது பாதி உண்மைதான். தாய்நாட்டிலிருந்து பெண்கள் அதிகம் வரவில்லை. வாணிபம் நலிந்ததும் தமிழகத் தொடர்பு அறுந்தது. பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கப் பள்ளி இல்லை. கோயில் இருந்தது, ஆகவே வழிபாடு நிலைத்தது. பள்ளி இல்லை, ஆகவே மொழி போயிற்று. தோட்டத்தில் இரண்டும் இருந்தன, இரண்டும் நிலைத்தன. ஆக, மொழியைக் கெடுப்பது நட்பு அன்று. அம்மொழியைக் கற்பிக்கும் இடம் இல்லாமையே.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டோ செம்பனைக்கு மாறியோ விட்டன. நம்மவர் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் வேனில் வருகின்றனர். லயத்து வேலி தானாகக் காத்த மொழியை, இனிப் பெற்றோர் விரும்பித் தேர்ந்தெடுத்தால்தான் காக்க முடியும். அதே வேளையில், பல இனத்தார் அண்டை வீட்டாராக அமைந்திருப்பது நம் பாட்டன்மாருக்குக் கிடைக்காத நல்வாய்ப்பு.

சென்ற ஆண்டு டத்தோ சாச்சார் விழாவில் கலந்துகொண்டேன். செட்டி சமூகத்து மூதாட்டி ஒருவர், நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மலாயில், “என் பாட்டிக்குப் பாட்டியும் இப்படித்தான் பேசியிருப்பார்” என்றார். எங்களால் மறுமொழி கூற முடியவில்லை.

நம் கழகம் இரண்டு பணிகளை மேற்கொள்ளலாம். விருப்பமுள்ள செட்டி இளையோருக்கு விடுமுறைக் காலத்தில் தமிழ் வகுப்பு நடத்தலாம். பிற இன நண்பர்களை அழைத்துக்கொண்டு கம்போங் செட்டிக்கும் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கும் ஒரே நாளில் சென்று வரலாம். செட்டிகளிடமிருந்து பழகும் பண்பையும், தோட்டத்து மக்களிடமிருந்து பள்ளியைக் கைவிடாத உறுதியையும் நாம் பெறுவோமாக!