தமிழ் எழுத்துக்கு அழகு செய்வோம்

நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி ஜனங்களை எச்சரிக்கும் அறிவிப்பு ஒன்று ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டப்படுகிறது. ஆறு வர்ணங்கள், நான்கு விதமான எழுத்துக்கள், மூலைக்கு மூலை பூங்கொத்து. ஆனால், சொல்ல வந்த சேதி எங்கேயிருக்கிறதென்று தேட வேண்டியிருக்கிறது! படிக்கப்படாத அறிவிப்பினால் பயன் யாது? இக்குறை கண்ணுக்கு மட்டும் குற்றமன்று; சில சமயம் ஜனங்களுக்குத் தீங்காகவும் முடியும்.

எழுத்தையும் சித்திரத்தையும் வர்ணத்தையும் இணைத்துக் கருத்தைத் தெளிவாக்கும் கலையை இன்று வரைகலை வடிவமைப்பு என்கிறார்கள். தொழிலாகக் கொள்வோர் இதற்கென்றுள்ள கல்லூரிகளில் பயில்கின்றனர். ஆமதாபாத்தில் 1961-ல் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிலையம் அவற்றுள் ஒன்று. எனினும் ஓய்வு நேரத்தில் பயில விரும்பும் உபாத்தியாயருக்கும் குமாஸ்தாவுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. இங்க்ஸ்கேப், கிம்ப் முதலிய கணினிச் செயலிகளும், நோட்டோ, முக்தா மலர் போன்ற தமிழ் எழுத்துருக்களும் விலையின்றியே கிடைக்கின்றன. குறைவது கருவியன்று; பயிற்சியே.

அப்பயிற்சியோ பிறர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் வருவதன்று. சொந்தக் காரியம் ஒன்றை எடுத்து முடிப்பதால் வருவது. சிறு வாசகசாலையொன்றின் ஆண்டு விழாவுக்கு நாம் அறிவிப்புத் தயாரித்த அநுபவத்தைக் கூறுவோம். திரையில் தளிர்போல் ஒளிர்ந்த பச்சை, அச்சில் மங்கி வந்தது. திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறங்காட்டுகிறது. அச்சியந்திரமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளால் காட்டுகிறது. வரிகளை நெருக்கி வைத்தமையால், கீழ்வரியின் புள்ளி மேல்வரியின் உகரச் சுழியோடு மோதிற்று. ரோமன் எழுத்துக்கு இசைந்த இடைவெளி தமிழுக்குப் போதாது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துக்களால் தலைப்பை எடுத்துக் காட்டலாம். தமிழில் அந்த வசதி இல்லை. அளவாலும் தடிப்பாலும் சுற்றிலும் விடும் வெற்றிடத்தாலுமே முதன்மையை உணர்த்த வேண்டும். எந்தப் புத்தகமும் இம்மூன்று பாடங்களையும் நமக்கு இத்துணை அழுத்தமாகக் கற்பித்ததில்லை.

ஆகையால், தொடங்குவோர் வீட்டுக் காரியம் ஒன்றையே எடுத்துக்கொள்ளட்டும். பாட்டியின் ஊறுகாய்க் குறிப்பு, குழந்தையின் பிறந்தநாள் அழைப்பு, மாதக் காலண்டர் எதுவாயினும் சரியே. முதலில் ஒரே எழுத்துரு. கறுப்பும் வெள்ளையும் போதும். அச்சிட்டுச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று பார்க்கட்டும். வீட்டிலுள்ள முதியவரைப் படிக்கச் சொல்லட்டும். அவர் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம். அது திருந்திய பின்னர் இரண்டாவது நிறத்தைப் பற்றி யோசிக்கலாம்.

ரோமன் எழுத்துக்கென்று அமைந்த மாதிரிகளுக்குள் தமிழைத் திணித்துத் திருப்தியடைவது நமக்குப் பெருமை தராது. ஊருக்கு ஒருவர் இக்கலையை அன்போடு பயின்றாலும், அவ்வூரின் அறிவிப்புப் பலகை பேசத் தொடங்கும். நம் எழுத்துக்கு நாமே செய்யாத தொண்டை வேறு யார் செய்வார்?