மேப்பிள் பாகில் கிருமி வளருமா?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், குளிர்காலம் முடியும் தறுவாயில் மேப்பிள் மரங்களைத் துளையிட்டு வடிக்கும் சாறு, பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். சர்க்கரை அதில் ஏறத்தாழ 2 சதவீதம். பாக்டீரியாக்கள் தாராளமாகப் பெருகும். அதைச் சுமார் 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு தேறும். பதத்துக்கு வரும்போது சூடு 104 டிகிரி செல்சியஸ், சர்க்கரை 66 சதவீதம். நோய் தரும் பாக்டீரியாக்கள் அந்தச் சூட்டில் மடிந்துவிடும். பிறகு வந்து விழுபவையும் பெருக முடியாது. மிச்சமிருக்கும் நீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது.

கொதிக்கவைத்தாலும் பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் சாகாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாகாதுதான், ஆனால் இவ்வளவு அடர்ந்த பாகில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்க வழியில்லை. கைக்குழந்தையின் கதை வேறு. வித்து குடலிலேயே முளைக்கலாம். தேனால் அப்படி நேர்ந்ததுண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இந்தப் பாகையும் தவிர்ப்பதே நல்லது. அப்படியானால் திறந்த பாட்டிலின் மேலே படரும் ஆடை? அது பூஞ்சை. கடும் இனிப்பிலும் வாழப் பழகிய சில வகைகள் உண்டு. மூடியில் கோத்த நீர் சொட்டி மேற்பரப்பு நீர்த்துப்போனால் அவற்றுக்குக் கொண்டாட்டம். அதை வழித்தெறிந்துவிட்டு மறுபடி காய்ச்சுவது பழைய வழக்கம். சில பூஞ்சை நஞ்சுகள் கொதியிலும் அழியாதவை என்பதால் அந்தச் சிக்கனம் வேண்டாம், கொட்டிவிடுங்கள். திறந்த பாட்டிலுக்கு ஏற்ற இடம் ஃப்ரிட்ஜ்தான்.