சிங்கராசா வழக்கு: விசாரிக்கலாமா என்று சொல்வது யார்?

ஒரு வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டா என்பதை அந்த மன்றமே முடிவு செய்வது விசித்திரமாகத் தோன்றலாம். வேறு வழியில்லை. அந்தக் கேள்வியை அரசாங்கத்திடம் விட்டால், குற்றம்சாட்டப்பட்ட தரப்பே ‘இது உங்கள் வேலையில்லை’ என்று எழுந்துபோய்விடும். 1999இல் பெரு அப்படித்தான் செய்தது. வழக்குகள் நிலுவையில் இருக்கும்போதே, அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்தின் அதிகாரத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. அந்த விலகல் செல்லாது என்றது நீதிமன்றம்.

ஆசியாவுக்கு அப்படியொரு நீதிமன்றமே இல்லை. இருப்பது ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் குழு. தனிமனிதரின் புகாரை அது எடுக்க வேண்டுமானால், அவருடைய நாடு அதற்கென உள்ள நெறிமுறையில் சேர்ந்திருக்க வேண்டும். இலங்கை 1997 அக்டோபரில் சேர்ந்தது. 1998 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு நடந்தவற்றை மட்டுமே குழு விசாரிக்கலாம்.

இலங்கைத் தமிழரான சிங்கராசா கைதானது 1993இல். தமிழ் மட்டுமே தெரிந்தவர். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்தார்; மொழிபெயர்த்தவரும் ஒரு போலீஸ்காரர்தான். அந்த வாக்குமூலத்தை வைத்து 1995இல் 50 ஆண்டுச் சிறை. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 35 ஆகக் குறைத்தது.

அவர் ஜெனீவாக் குழுவிடம் புகார் செய்தார். ஆனால் தண்டனை 1995இல் விதிக்கப்பட்டது. அப்படியானால் புகார் காலவரம்புக்கு வெளியேதானே? இல்லை என்றது குழு. 1999இல் மேன்முறையீட்டில் குற்றவாளி என்ற தீர்ப்பு உறுதியானதே, அது வரம்புக்குள் வருகிறது! விசாரணை நியாயமாக நடக்கவில்லை, விடுதலையோ மறுவிசாரணையோ தர வேண்டும் என்று 2004இல் கருத்துரைத்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கொழும்பிலுள்ள உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2006 செப்டம்பரில், தலைமை நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு வழக்கைத் தள்ளியது. ஜனாதிபதி 1997இல் அந்த நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண், நீதி அதிகாரத்தை வெளியாருக்குத் தூக்கிக் கொடுத்தது போல என்றது. குழு வழங்குவது தீர்ப்பே அல்ல, வெறும் கருத்து. அதற்கு இவ்வளவு பயம் தேவையா? இத்தனைக்கும் இலங்கை அந்த நெறிமுறையிலிருந்து விலகவேயில்லை. ஜெனீவாவில் அது செல்லும், கொழும்பில் செல்லாது.

நம் கதை வேறு. அந்தக் குழு கண்காணிக்கும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது; புகார் நெறிமுறையில் சேரவில்லை. செஞ்சிப் பக்கத்து அனந்தபுரத்தில் ஒருவரைக் காவல் நிலையத்தில் அடித்தால், அவர் ஜெனீவாக் குழுவிடம் புகார் கொடுக்க முடியாது. சென்னையில் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம். அங்கேயும் முதல் கேள்வி தேதிதான்: 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி, சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்கக்கூடாது.