பழவேற்காட்டுச் சாலையில் ஒரு சைலன்சர்

ஞாயிறு அதிகாலைகளில் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் புல்லட்டுகளும் மீட்டியர்களும் அணி அணியாக வரும். சிலவற்றில் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டியிருப்பார்கள். பூட்டுமுன் அந்தக் குழாய்க்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அது அவ்வளவு அழகு.

மீட்டியர் 350-இல் இருப்பது 349 சிசி ஒற்றை சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. 4,000 ஆர்பிஎம்மில் புகை வால்வு நொடிக்கு 33 முறை திறக்கிறது. ஒவ்வொரு திறப்பிலும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. வெளிக்காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, குழாயிலுள்ள வாயுவின் சூட்டில் 500 மீட்டரைத் தாண்டும். குழாய் அகலும் இடத்தைத் தொட்டதும் அலை குணம் மாறி, அழுத்தக் குறைவாகத் திரும்பி வரும். வால்வு மூடுவதற்குள் வந்துவிட்டால், மிச்சமிருக்கும் எரிந்த வாயுவை உறிஞ்சி வெளியே இழுக்கும். புதிய கலவைக்கு இடம் கிடைக்கும். நேரம் தப்பினால் அந்த உதவி இல்லை.

எந்த வேகத்தில் அலை சரியாக வந்து சேரும் என்பதைத் தீர்மானிப்பது குழாயின் நீளம். அடைப்பு இருந்தால்தான் இழுவை வரும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். எஞ்சினுக்கு வேண்டியது அடைப்பல்ல, அலையின் நேரம். கட்டைக் குழாய் மாட்டினால் பெரும்பாலும் குறைந்த வேகத்து இழுவைதான் போகும். மீட்டியர் போன்ற க்ரூஸருக்கு உயிரே அதுதான்.

ஓசை வேறு கணக்கு. 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகள் தயாரிப்பில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. 90 டெசிபல் என்றால் ஒலியாற்றல் பத்து மடங்கு. பழவேற்காட்டு ஏரியில் அது இன்னும் தூரம் போகும். விடியலில் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பாக இருந்தால், வானுக்குப் போக வேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்கும். இரவெல்லாம் வலை போட்டுவிட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் கண்ணயர்பவருக்கும், குளிர்காலத்தில் சேற்றில் மேயும் பூநாரைக்கும் அது போய்ச் சேரும். இது எனக்குப் பொறுக்கவில்லை.

மாற்றத்தான் வேண்டுமென்றால் உள்ளே பஞ்சோ அறைகளோ உள்ளதாக, கம்பெனிக் குழாயின் நீளத்தை ஒட்டியதாகப் பாருங்கள். உப்புக்காற்றில் குரோம் பூச்சு விரிசல் விட்டால் அடியிலுள்ள இரும்பு துருவேறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நெடுநாள் தாங்கும். 2020-க்குப் பிந்தைய பிஎஸ்-6 வண்டியானால், ஆக்சிஜன் சென்சாரையும் புகைச் சுத்திகரிப்பானையும் விட்டுவைக்கும் வகையை மட்டுமே கேளுங்கள்.