வெளிநாட்டிலிருந்து வந்த மோகன்

வாட்ஸ்அப் குழுவில் யாரையாவது நக்கலடிக்க வேண்டுமென்றால் எம்.ஆர்.ராதா படம் ஒன்றைத் தட்டிவிடுவது நம்ம ஆட்களுக்குப் பழக்கம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் அந்த முகம் தெரியும். ஆனால் 'ரத்தக்கண்ணீர்' படத்தை முழுசாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஊரை விட்டு வந்த நாம்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏன்னா, அதன் நாயகன் மோகனசுந்தரம் வெளிநாடு போய்த் திரும்பியவன்.

1907இல் பிறந்த ராதா சின்ன வயசிலேயே வீட்டை விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். மேடைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். கரகரத்த அடிக்குரல் பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கீச்சுக்குரலாக ஏறுமே, அது கடைசி வரிசைக்காரனையும் தூங்கவிடாத மேடை வித்தை. 1937இல் 'ராஜசேகரன்' படத்தில் நடித்தார். இன்னும் சில படங்கள் செய்துவிட்டு மேடைக்கே திரும்பினார். திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தை ஊர் ஊராக நடத்தினார். 1954இல் கிருஷ்ணன்–பஞ்சு அதைப் படமாக்கியபோது அவருக்கு வயசு 47. சினிமாவில் அவரது பெரிய ஓட்டம் அதற்கப்புறம்தான் தொடங்கியது.

படத்தில் மோகன் கோட்டு சூட்டோடு வந்து இறங்குகிறான். ஊரில் எதைப் பார்த்தாலும் இளக்காரம். லீவுக்குப் போய் இறங்கிய மறுநாளே டிராஃபிக்கையும் குப்பையையும் பற்றி லெக்சர் அடிப்போமே, அதே வாய்தான்! பெற்ற அம்மாவையும் கட்டின மனைவியையும் உதறிவிட்டு காந்தாவிடம் சொத்தைத் தொலைக்கிறான். தொழுநோய் வந்ததும் அவளே துரத்திவிட, தெருவில் பிச்சையெடுக்கிறான்.

வேறு நடிகராயிருந்தால் இரண்டாம் பாதியில் அழுது தீர்த்திருப்பார். ராதா அழவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மோகனின் நக்கல் கடைசிவரை குறையவே இல்லை. பணக்காரனாக அவன் பேசியபோது எரிச்சலூட்டிய அதே கிண்டல், பிச்சைக்காரன் வாயில் வரும்போது நியாயமாகப் படுகிறது. குரல் மாறவில்லை, நிற்கிற இடம்தான் மாறியிருக்கிறது. இதை ராதா அளவுக்குச் செய்துகாட்டிய இன்னொரு தமிழ் நடிகரை நான் பார்த்ததில்லை.

அந்தக் கிண்டல் திரையோடு நிற்கவில்லை. பெரியாரின் தொண்டர் அவர், ராமாயணத்தையே மேடையில் கேலி செய்தவர். தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்ததும் அதே 1954இல்தான். அவரைக் குறிவைத்தே கொண்டுவந்தார்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் கட்டுப்பாடுகளைச் செல்லாது என்றது. ராதா இறந்து 34 வருஷம் ஆகியிருந்தது.

1967 ஜனவரி 12, எம்.ஜி.ஆரைச் சுட்டது, சிறைக்குப் போனது எல்லாம் ஊரறிந்த கதை. அதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவர் நடிப்பை நாம் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

படம் இணையத்தில் கிடைக்கிறது. பிள்ளைகளோடு பார்ப்பதானால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொழுநோய் செய்த பாவத்துக்குக் கிடைக்கும் தண்டனை என்பதுபோல கதை போகும், அது தப்பு. அது கிருமியால் வரும் நோய். மாத்திரையில் முழுசாகக் குணமாகும்.