பெரட்டில் பதில் வராத பெயர்கள்

காம்பாரில் படிக்கும் நாங்கள் ஏழெட்டுப் பேர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு மாலையில் பண்டார் பாரு காம்பாரில் உள்ள ஒரு மாமாக் கடையில் கூடுகிறோம். படித்த நாவலைப் பற்றி வாதாடுவதற்குத்தான். ஒரே ஒரு விதி உண்டு: "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லித் தப்பிக்கக் கூடாது. எங்களில் பலர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்தவர்கள். தமிழில் ஐம்பது பக்கம் படிக்க எனக்கு ஒரு வாரம் ஆகிறது. ஞாயிறன்று யாராவது கேள்வி கேட்பார்கள் என்பதால்தான் படித்து முடிக்கிறேன்.

அண்மையில் எடுத்துக்கொண்ட நாவல் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு, 1942-43இல் ஜப்பானியர் போட்ட பாதை அது. அந்த வேலையில் 60,000க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர்; 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் ஏராளம்.

எனக்கு இந்த ரயில் முதலில் அறிமுகமானது ஆங்கிலத் திரைப்படம் வழியாக. 1957இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' படத்தில் நம் தோட்டத்து ஆட்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அதன் மூல நாவலை எழுதிய பியர் பூல், போருக்கு முன் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்பதுதான் வேடிக்கை.

வாதம் சூடாகவே நடந்தது. "இவ்வளவு வரலாறு சொன்னால் பாத்திரங்கள் சுருங்கிவிடாதா?" என்றார் ஒரு நண்பர். நியாயமான கேள்விதான். ஆனால் தைப்பிங்கிலிருந்து வந்த தோழி விடவில்லை. "என் கொள்ளுத்தாத்தா சயாமுக்குப் போய்த் திரும்பவே இல்லை. வீட்டில் அவர் படம்கூடக் கிடையாது. எனக்கு இந்த நாவல்தான் படம்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எங்களோடு உட்காரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் பேச்சைத் தொடர்ந்தார். "பெரட்டு தெரியுமா?" என்று கேட்டார். எங்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. விடியுமுன் தோட்டத்தில் ஆட்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. போர் முடிந்த பிறகு நடந்த ஒரு பெரட்டைப் பற்றி அவருடைய அம்மா சொல்லியிருக்கிறாராம். கிராணி பழைய பெயர்ப் புத்தகத்தைப் பார்த்துக் கூப்பிட, பல பெயர்களுக்கு வேறு யாரோ "சயாம்" என்று பதில் சொன்னார்களாம்.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கைதிகளின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை. காம்பாரிலும் 1941 டிசம்பர் 30 முதல் நான்கு நாள் பிரிட்டிஷ் படை ஜப்பானியரைத் தடுத்து நின்ற கதை எல்லாருக்கும் தெரியும். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போனவர்கள் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

அன்று நாவலுக்கு மதிப்பெண் போட மறந்துவிட்டோம். நண்பர் தம் கருத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்து அதே ரயிலைப் பற்றி அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச்சின்னம்'. கைவசம் இருப்பவை இரண்டு பிரதிகள். ஆளுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறோம். தைப்பிங் தோழிக்குத்தான் முதல் முறை.